உப்புவெளியில் நான்கு கெண்டிகள்

திருகோணமலை நகரைத் தாண்டி நிலாவெளிப் பக்கம் போகிற வீதியில் வருவது உப்புவெளி. அந்த ஊர்ப் பெயர் இத்தனை காலமும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற ஒரு விசயத்தைக் கண்டுபிடிக்க என் பழைய மாணவன் ஒருவனுக்கு ஐந்து மாதம் எடுத்தது. எனக்கும் ஒரு முழுப் பின்னேரம் போனது. உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். இலை நுனியில் பானை கட்டிப் பூச்சி பிடிக்கிற கெண்டித் தாவரத்தைக் கரும்பலகையில் எத்தனையோ தரம் கீறியிருக்கிறேன். மூடி, வாய் விளிம்பு, மெழுகுப் பகுதி, சமிபாட்டுச் சுரப்பி எல்லாம் அம்புக்குறி போட்டுக் குறித்திருக்கிறேன். ஒன்றையாவது வளர்த்துப் பார்த்ததில்லை.

போன ஆனி மாதம் ஒருநாள் அவன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கையில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் கருகிப்போன இலை ஒன்று.

"ரீச்சர், நாலும் சாகப் போகுது. ஒருக்கா வந்து பாருங்கோ."

இது அந்த நான்கு செடிகளின் விவரம். இரண்டு பிழைத்தன, ஒன்று ஊர் மாறிப் பிழைத்தது, ஒன்று செத்தது. ஏன் என்பதைத்தான் எழுத வந்தேன். வறண்ட வலயத்தில் கடலுக்குக் கிட்ட இருந்துகொண்டு கெண்டி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கூடிவருகிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப்பேர் இவன் விட்ட பிழையை இதே வரிசையில்தான் விடுவார்கள் என்று நினைக்கிறேன்.

யார் யார்

முதலாவது வென்ட்ராட்டா. பிலிப்பைன்ஸின் இரண்டு இனங்கள் கலந்து உண்டானது. கெண்டி வளர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் கைபழகுகிறார்கள். வெயிலைப் பொறுக்கும், கொஞ்சம் குளிரைப் பொறுக்கும், வளர்ப்பவரின் அறியாமையையும் ஓரளவு பொறுக்கும்.

இரண்டாவது அம்புல்லாரியா. போர்னியோ, சுமாத்திரா, மலாயா, நியூகினித் தாழ்நிலக் காடுகளில் நிலத்தோடு நிலமாகக் குட்டிப் பானைகளைக் கூட்டமாகப் பரப்பி வைக்கிற இனம். மற்றக் கெண்டிகளில் மூடி வாய்க்கு மேலே குடைபோல நிற்கும். இதற்கு மூடி பின்னால் மடிந்துவிடும். மேலே மரத்தில் இருந்து விழுகிற சருகு தடையில்லாமல் உள்ளே விழ வேண்டும் என்பதற்காகத்தான். இது எடுக்கிற நைதரசனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சருகில் இருந்தே வருகிறது என்று அளந்திருக்கிறார்கள். பாதிச் சைவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் அவனுடைய செல்லம்: ஹமாட்டா. கெண்டியின் வாயைச் சுற்றி மீன் தூண்டிலைப் போல வளைந்த கறுப்புப் பற்கள். படத்தில் பார்த்தாலே கை கூசும். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவு மலைகளில் 1,400 மீற்றருக்கு மேலே வளர்வது. சம்பளத்தில் பாதியைக் கொடுத்து, என் உள்ளங்கை அகலமும் இல்லாத ஒரு கன்றை வாங்கியிருந்தான். விற்ற ஆள் "திருகோணமலைக்கும் சரிவரும்" என்று எழுதியிருந்ததைக் கைபேசியில் காட்டினான். விற்கிறவருக்கு எல்லா ஊரும் சரிவரும்தான்.

நான்காவது எங்கள் நாட்டுக்காரி, டிஸ்டில்லாட்டோரியா. சிங்களத்தில் பாந்துரா. இலங்கையில் இயற்கையாக வளர்கிற ஒரே கெண்டி இனம், வேறு எந்த நாட்டுக் காட்டிலும் கிடையாது. கெண்டி இனங்கள் எல்லாம் அடங்குகிற சாதிக்கே, அதாவது பேரினத்துக்கே, பெயர் வைக்கக் காரணமாக இருந்ததும் இதுதான். ஒல்லாந்தர் காலத்தில், 1672 இல் இலங்கைக்கு வந்த போல் ஹேர்மன் என்ற வைத்தியர் சேர்த்து அனுப்பிய செடிகளை வைத்துத்தான் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயசு இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1747 இல் எழுதினார். அதற்குப் பத்து வருடம் முன்னமே நெப்பந்தசு என்ற பெயரை அவர் வைத்துவிட்டார். கவலையை மறக்கச் செய்ய ஹெலன் மதுவில் கலந்து கொடுத்த மருந்துக்குக் கிரேக்கக் காவியத்தில் அதுதான் பெயர். இந்தப் பானையைக் கண்ட தாவரவியலாளனுக்கு வந்த வழியின் களைப்பெல்லாம் மறந்துபோகும் என்று அவர் நினைத்தாராம். என் மாணவனுக்கு மறந்தது களைப்பில்லை, வேறு.

முதல் மூன்றும் பண்ணையில் பெருக்கிய கன்றுகள். நான்காவது அப்படியில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

தையில் இருந்து ஆனி வரை

செடிகள் தை மாதம் வந்தன. அதுதான் முதல் பொறி. திருகோணமலையில் வருட மழையின் பெரும்பங்கு ஐப்பசியில் இருந்து தை வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். தையில் காற்றில் ஈரம் இருக்கும், வானம் மூடியிருக்கும், முற்றத்தில் வைத்த செடிக்கு வானமே தண்ணீர் ஊற்றும். அந்த மாதத்தில் எதை நட்டாலும் நட்டவர் கெட்டிக்காரர்தான். அவனும் அப்படித்தான் நினைத்துவிட்டான்.

மாசியில் மழை விட்டது. வீட்டுக் கிணற்றில் இருந்து அள்ளி ஊற்றத் தொடங்கினான். செடிகளை மண்சட்டிக்கு மாற்றியிருந்தான். நடுகை ஊடகம், அவனே வீட்டில் பொச்சுமட்டையை வெட்டித் துண்டு துண்டாக்கியது, கொஞ்சம் தும்பு, கொஞ்சம் மணல். சட்டிக்குக் கீழே ஒரு தட்டு, தட்டில் எப்போதும் தண்ணீர். காட்டுச் செடிதானே, ஈரம் வேண்டும் என்ற எண்ணம்.

பங்குனியில் இலை நுனிகள் மண்ணிறமாகின. சித்திரையில் புதிதாக வந்த இலைகளின் தந்து, அதாவது கெண்டியாக ஊத வேண்டிய அந்தக் கொடிநுனி, கடுகளவு கறுத்துக் காய்ந்து நின்றுவிட்டது. கெண்டி இல்லை.

இங்கேதான் அவன் யோசித்த விதத்தைக் கவனிக்க வேண்டும். கெண்டி இல்லை என்றால் பூச்சி பிடிக்க முடியாது, பூச்சி பிடிக்க முடியாவிட்டால் பசி. ஆகவே பசளை. ஒரு சட்டிக்கு ஒரு தேக்கரண்டி என்.பி.கே. இருந்த ஒரு பழைய கெண்டிக்குள் சூடை மீன் தலை ஒன்றையும் போட்டிருக்கிறான். மூன்றாம் நாள் வீடு முழுக்க நாறியிருக்கிறது, ஆறாம் நாள் கெண்டியே அழுகி விழுந்திருக்கிறது. ஹூக்கர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1874 இல் முட்டை வெள்ளைக்கருவையும் இறைச்சியையும் கெண்டிக்குள் போட்டுக் கரைகிறதா என்று பார்த்தவர்தான். ஆனால் அவர் போட்டது சின்னத் துணுக்கு. இவன் கறிக்கு வெட்டிய மிச்சத்தை அப்படியே போட்டிருக்கிறான்.

பிறகு வைகாசி பிறந்தது, கச்சான் எழும்பியது.

கச்சான் என்றால் யாழ்ப்பாணத்தார் வறுத்துத் தின்கிற கடலையைத்தான் நினைப்பார்கள். எங்களுக்கு இரண்டும் உண்டு: நாங்கள் தின்கிற கச்சான், எங்களைத் தின்கிற கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே இறங்கும்போது சூடேறி வருகிறது. பகல் முழுக்க அடிக்கும். கொடியில் போட்ட சேலை அரைமணியில் மொரமொரக்கும், உதடு வெடிக்கும், மாமரத்து இலை கூடச் சுருண்டு தொங்கும்.

கச்சானைக் கண்டதும் அவனுக்குக் குற்றவாளி கிடைத்துவிட்டான். காற்றில் ஈரம் இல்லை, அதுதான் கெண்டி வரவில்லை. உடனே நான்கு கம்பு நட்டுப் பொலித்தீன் சுற்றிக் கூடாரம் கட்டினான். உள்ளே ஈரப்பதன் 80 சதவீதத்துக்கு மேலே போனது, உண்மை. வெயில் ஏற ஏற வெப்பநிலை 43 பாகைக்கும் போனது. ஈரமும் சூடும் சேர்ந்தால் அது காடு ஆகாது, இடியப்பச் சட்டிதான் ஆகும். இரண்டு கிழமையில் ஹமாட்டாவின் நடுக்குருத்து தொய்ந்தது. அன்றைக்குத்தான் அவன் என்னிடம் வந்தது.

கிணற்றடியில் ஒரு பின்னேரம்

நான் முதலில் செடியைப் பார்க்கவில்லை. சட்டியைப் பார்த்தேன். படிப்பிக்கிற காலத்திலும் விடைத்தாளைப் பார்க்க முன்னம் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிற பழக்கம்.

மண்சட்டியின் விளிம்பைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது, வெளிச்சுவரிலும் பாதி உயரத்துக்கு. விரல் நகத்தால் சுரண்டினேன், பொடியாக உதிர்ந்தது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். தம்பி முகத்தைச் சுளித்தான். உப்பு, அதற்குப் பின்னால் ஒரு கசப்பு. கசப்பு அவன் போட்ட பசளையாக இருக்க வேண்டும்.

"என்ன தண்ணி விடுறனீர்?"

"கிணத்துத் தண்ணிதான் ரீச்சர். நல்ல தண்ணி. உடுப்புத் தோய்க்கிறது, குளிக்கிறது எல்லாம் அதிலதான்."

"குடிக்கிறது?"

"குடிக்க ஏலாது. சவர். குடிக்கக் குழாய்த் தண்ணி."

சொல்லிவிட்டு அவனே ஒரு நிமிடம் பேசாமல் நின்றான்.

என் மருமகன் குடிதண்ணீர் வடிகட்டி விற்கிற கடை வைத்திருக்கிறான். அவனிடம் பேனா அளவில் ஒரு ரி.டி.எஸ். மானி உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து, பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு என்று காட்டும். எந்த உப்பு என்று சொல்லாது, அதற்குத்தான் நாக்கு. மானியை எடுப்பித்து அளந்தோம். கந்தளாய்க் குளத்தில் இருந்து வருகிற குழாய்த் தண்ணீர் 170. கிணறு 1,120. அவன் மாரியில் கிணற்று நீரைக் குடித்துப் பார்த்து "அவ்வளவு சவர் இல்லை" என்று முடிவு எடுத்திருந்தான். மாரியில் மழை இறங்கி நிலத்தடி நீர் மேலே இருக்கும், உப்பு ஐதாகும். கோடையில் நல்ல தண்ணீர்ப் படை மெலிந்து கீழே இருக்கிற கடல் நீர் கிட்ட வரும். கரையோரக் கிணறு வருடம் முழுக்க ஒரே கிணறு இல்லை.

பிறகு சட்டியின் வடிநீர். மெதுவாகக் கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கால்மணி நேரம் விட்டுக் கீழே சொட்டுவதைப் பிடித்து அளக்க வேண்டும். வென்ட்ராட்டாவின் சட்டி 2,600 காட்டியது. ஊற்றியது 1,120, வடிவது 2,600. ஊற்றுகிற தண்ணீரை வெயிலும் செடியும் எடுத்துக்கொள்ளும், உப்பு மட்டும் சட்டியில் மிஞ்சும். தட்டில் தண்ணீர் நின்றதால் வடிந்து போகவும் வழியில்லை. மண்சட்டியின் சுவரால் ஈரம் கசிந்து ஆவியாகி வெளியிலும் பொருக்காகக் கட்டியிருக்கிறது. உப்பளத்தில் பாத்தி கட்டுகிறவர்கள் செய்வதைத்தான் இவன் நான்கு சட்டியில் செய்திருக்கிறான்.

இதோடு பொச்சும் சேர்ந்தது. தேங்காய்ப் பொச்சிலேயே பொற்றாசியமும் சோடியமும் இருக்கிறது. கடற்கரைத் தென்னை என்றால் கேட்கவே வேண்டாம். அவன் கழுவாமல் பாவித்த அதே பொச்சுத் துண்டில் ஒரு கைப்பிடியை வாளியில் ஓர் இரவு ஊறவைத்தோம். விடிய அந்தத் தண்ணீர் தேத்தண்ணிச் சாயத்தில் இருந்தது, மானி 900 ஐத் தாண்டியது.

கெண்டிச் செடிகளின் காட்டு மண்ணில் சத்து மகா வறுமை. வருடம் முழுக்க மழை கழுவிக் கழுவி ஒன்றும் மிஞ்சாத மண். அந்த வறுமைக்குத்தான் அவை இலையின் ஒரு பகுதியைப் பொறியாக்கி, நைதரசனைப் பூச்சியில் இருந்து எடுக்கப் பழகின. அவற்றின் வேர் மெல்லியது, கறுப்பு, தொட்டால் முறிவது. உப்பைச் சமாளிக்கிற ஏற்பாடு ஒன்றும் அதில் கிடையாது. வளர்ப்பவர்கள் பொதுவாக 50 க்குக் கீழே இருக்கிற தண்ணீரைத்தான் தேடுகிறார்கள். 100 வரை சகித்துக்கொள்ளலாம் என்பார்கள். இவன் 1,120 ஊற்றினான். வெளியில் உப்பு கூடினால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. சட்டி நனைந்திருக்கும், செடி தாகத்தில் நிற்கும். தாகத்தில் இருக்கிற செடி முதலில் கைவிடுவது கெண்டியை. பானை கட்டுவது செலவான வேலை.

ஆகவே பசி என்று அவன் பார்த்தது தாகம். காற்று உலர்வு என்று பார்த்ததும் பாதிதான் உண்மை. கச்சான் வர ஒரு மாதம் முன்னமே, சித்திரையில், தந்து நுனிகள் கறுத்துவிட்டன என்று அவன் வாயாலேயே சொன்னான். காற்று வருவதற்கு முன்னம் நடந்த குற்றத்துக்குக் காற்றைப் பிடித்து அடைத்தால் எப்படி?

ஒவ்வொன்றாக

அவனுக்கு எல்லாவற்றையும் அன்றைக்கே மாற்ற வேண்டும். நான் விடவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் செடி பிழைத்தாலும் எதனால் என்று தெரியாது, செத்தாலும் தெரியாது. முதலில் உப்பு, மூன்று கிழமை கழித்துக் காற்று என்று பிரித்துக்கொண்டோம். கூடாரத்தை மட்டும் அன்றைக்கே கழற்றச் சொன்னேன்.

ஹமாட்டாவுக்கு இந்த முறை பொருந்தாது. அதன் நோய் வேறு. மலையினத்துக்கு இரவு 15 பாகை அளவுக்குக் குளிர வேண்டும். எங்களுக்கு ஆனி இரவிலும் 26. பகலில் இலை சமைத்த சீனியை, சூடான இரவு முழுக்கச் சுவாசித்தே செடி தீர்த்துவிடும். வரவுக்கு மேல் செலவு. தண்ணீரை மாற்றினாலும் காற்றை மறைத்தாலும் அந்தக் கணக்கு சரிவராது. ஏ.சி. அறையில் வைக்கலாமா என்று கேட்டான். வைக்கலாம், மின்கட்டணத்தோடு இன்னும் இரண்டு ஹமாட்டா வாங்கலாம் என்றேன். அவனுடைய அக்கா பண்டாரவளையில் கட்டிக்கொண்டு போனவள். அந்த ஊர் 1,200 மீற்றர் உயரம், இரவில் போர்வை வேண்டும். செடியை ஈரக் கடதாசியில் சுற்றி, போத்தல் ஒன்றை வெட்டி அதற்குள் நிறுத்தி, அடுத்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுபோய்க் கொடுத்தான்.

மற்ற மூன்றுக்கும் நல்ல தண்ணீர் எங்கே? ஐப்பசி வரை மழை இல்லை. மருமகனின் கடைத் தண்ணீர் 22 காட்டியது. செடியைக் கழுவும் முதல் தரத்துக்கு அதில் 40 லீற்றர் வாங்கினோம். பிறகு அவன் அறையின் ஏ.சி. குழாய் சொட்டுகிற தண்ணீரை அளந்தேன்: 14. ஓர் இரவுக்கு ஒரு வாளியில் பாதி. சுவரோரம் பாசி பிடிக்க வீணாகப் போய்க்கொண்டிருந்த தண்ணீர். ஏ.சி. கழுவ இரசாயனம் அடித்த கிழமை மட்டும் பிடிக்க வேண்டாம் என்று சொல்லி வைத்தேன்.

பழைய ஊடகத்தை முழுக்க எறிந்தோம். வேரை நல்ல தண்ணீர் வாளிக்குள் தாழ்த்தி ஆட்டி ஆட்டித்தான் கழுவ வேண்டும், குழாயின் கீழே பிடித்தால் முறியும். புது ஊடகம்: ஓர்க்கிட் வளர்ப்பவர்கள் வாங்குகிற உலர்ந்த ஸ்பக்னம் பாசி ஒரு பங்கு, பெர்லைற் என்கிற இலேசான வெள்ளைக் கல் அரைப் பங்கு, நாலு தரம் ஊறவைத்து வடித்த பொச்சுத் துண்டு ஒரு பங்கு, கழுவிய சிரட்டைக்கரி கொஞ்சம். கரியையும் கழுவத்தான் வேண்டும், சாம்பலிலும் உப்பு. மண்சட்டிக்குப் பதில் பிளாஸ்ரிக் சட்டி. தட்டு வேண்டவே வேண்டாம்.

தட்டை எடுத்ததில் இன்னொரு நன்மை. 2017 இல் கிண்ணியாவில் டெங்கு போட்ட ஆட்டம் இந்த மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவைச் சுற்றி வரும்போது, நுளம்புக் குடம்பிகள் துள்ளுகிற நான்கு தட்டுகளை வைத்துக்கொண்டு தாவரவியல் பேச முடியாது.

மூன்று கிழமை கழித்து வடிநீர் 90 க்கு இறங்கியது. வென்ட்ராட்டாவின் புது இலை ஒன்று ஓரம் கருகாமல் முழுதாக விரிந்தது. தந்து நுனி கறுக்கவில்லை. ஆனால் ஊதவும் இல்லை, அப்படியே பச்சையாக நின்றது. அப்போதுதான் காற்றைத் தொட்டோம். சட்டிகளை முற்றத்தில் இருந்து வீட்டின் வடகிழக்கு மூலைக்கு, குளிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் மாற்றினோம். வீடே கச்சானுக்குத் தடுப்புச் சுவர். மேலே பாதி வெயிலை விடுகிற நிழல்வலை. கீழே செங்கல் அடுக்கி, சுற்றிவர மணல் கொட்டி, அந்த மணலுக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். ஆவியாகிற தண்ணீர் உப்பைக் கொண்டு எழும்பாது. மத்தியானம் இரண்டு மணிக்கு முற்றத்தில் 47 ஆக இருந்த ஈரப்பதன் அந்த மூலையில் 65. பொலித்தீன் இல்லை, வெப்பநிலை 33 ஐத் தாண்டவில்லை.

காட்டில் இருந்து வந்தது

டிஸ்டில்லாட்டோரியாவைக் கழுவ எடுத்த அன்றே எனக்கு விளங்கிவிட்டது. விரல் மொத்தத்தில் மரமாக முற்றிய தண்டு, கீழே மூன்று அங்குல வேர், வேரின் முனை பிய்ந்து பழைய காயமாக இருந்தது. பண்ணைக் கன்றின் வேர் சட்டியின் வடிவத்தில் சுற்றியிருக்கும். இது மண்வெட்டியால் பிடுங்கியது. காலிப் பக்கத்தில் இருந்து ஒருவர் அனுப்பியதாகச் சொன்னான். யார் எவர் என்று நான் கேட்கவில்லை.

"எங்கட நாட்டுச் செடி ஏன் ரீச்சர் எங்கட வீட்டில வராது? போர்னியோச் செடி நிக்குது."

நாடு ஒன்று, மழை இரண்டு. அது ஈர வலயத்தாள். சிங்கராஜா, கன்னெலியப் பக்கம், வருடத்துக்கு 2,500 மில்லிமீற்றருக்குக் குறையாமல் மழை பெய்கிற தாழ்நிலத்தில் பன்னத்துக்குள்ளும் வீதியோரத்திலும் படர்வது. எங்களுக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான், அதிலும் பெரும்பங்கு நாலு மாதத்துக்குள். ஆனால் அதைக் கொன்றது திருகோணமலை இல்லை. விதையில் இருந்தோ இழைய வளர்ப்பில் இருந்தோ வந்த பாந்துராக் கன்று என்றால், அந்த மூலையில், அந்தத் தண்ணீரில் நின்றிருக்கும் என்றே நினைக்கிறேன். முற்றிய கொடி வேரைப் பறிகொடுத்த பிறகு எந்த ஊரிலும் கஷ்டம்தான்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. உலகத்துக் கெண்டிகள் எல்லாமே, அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கின்றன. ராஜா என்கிற போர்னியோ இனமும் இந்தியாவின் காசியானாவும் மிகக் கடுமையான முதலாம் பட்டியலில், மற்றவை இரண்டாவதில். சிங்கராஜா 1988 இல் இருந்து உலக மரபுரிமை, அங்கே ஒரு செடியைப் பிடுங்குவது குற்றம். சட்டத்தை விடுங்கள். போர்னியோ எக்ஸாட்டிக்ஸ் என்ற பண்ணை இழைய வளர்ப்புக் கெண்டிகளை இலங்கையில் இருந்துதான் வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது, இலண்டன் செல்சி மலர்க் கண்காட்சியில் தங்கப் பதக்கமும் வாங்கியிருக்கிறது. கன்று செய்யத் தெரிந்த நாட்டில் இருந்துகொண்டு காட்டைக் கிண்டுவானேன்?

ஆவணி நடுவில் தண்டு அடியில் இருந்து கறுத்தது. மேல் முனையில் இரண்டு கணு வெட்டிப் பாசியில் ஊன்றிப் பார்த்தோம். பத்து நாளில் அதுவும் போனது.

அம்மாவின் செம்பு

புரட்டாதியில் வென்ட்ராட்டாவின் ஒரு தந்து நுனி அரிசியளவு வீங்கியது. பிறகு உழுந்து, பிறகு பயற்றங்காய் நுனி. அவன் ஒவ்வொரு நாளும் படம் அனுப்பினான், நான் ஒவ்வொரு நாளும் "சரி" என்று பதில் போட்டேன். திடீரென்று அது அப்படியே நின்றது. அடுத்த இலையின் ஓரத்தில் மறுபடி மண்ணிறம். போய் அளந்தேன், வடிநீர் 480.

வளவில் வேறு யாரும் செடிக்குத் தண்ணீர் விடுகிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். உள்ளே இருந்து அவனுடைய அம்மா வந்தா.

"நான்தான் ரீச்சர், மத்தியானம் ஒரு செம்பு விடுறனான். இவன் வேலைக்குப் போயிடுவான், இதுகள் வெயிலுக்க வாடிக்கொண்டு நிக்குங்கள். பாத்துக்கொண்டு இருக்க ஏலுமே."

கிணற்று வாளியும் செம்பும் அந்த மூலைக்குப் பக்கத்திலேயே இருந்தன. மணலுக்குத் தெளிக்க நான் சொல்லி வைத்த அதே கிணற்றுத் தண்ணீர். பிழை என்னுடையதும்தான். வீட்டில் இருக்கிற எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நீலப் போத்தலில் ஏ.சி. தண்ணீர் நிரப்பி அம்மாவின் கையில் கொடுத்து, மத்தியானத் தண்ணீர் அவவின் பொறுப்பு என்று ஆக்கினோம். தடுத்திருந்தால் ஒளித்து ஊற்றியிருப்பா.

மழைக்குப் பிறகு

ஐப்பசியில் வாடை திரும்பியது. குளியலறைக் கூரைத் தகரம் ஏறக்குறைய 10 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். ஆகவே 50 மில்லிமீற்றர் கொட்டுகிற ஒரு நாளில் 500 லீற்றர் ஓடுகிறது. இரண்டு நீலப் பீப்பாய், 200 லீற்றர் வீதம். ஒரு விசயம்: கோடை முழுக்கக் கடற்காற்றில் உப்புத் தூசி கூரையில் படிந்திருக்கும். முதல் மழையில் ஓடியதை அளந்தேன், 150. ஒரு மணி நேரம் கழித்து 11. முதல் தண்ணீரை வெளியே விட்டுத்தான் பீப்பாயைத் திறக்க வேண்டும். வாய்க்கு நுளம்பு வலை கட்டி றப்பர் பட்டி போட்டிருக்கிறான்.

வென்ட்ராட்டாவின் முதல் கெண்டி கார்த்திகையில் திறந்தது. பன்னிரண்டு சென்ரிமீற்றர், கீழே பச்சை, வாய் விளிம்பு செம்பு நிறம். அம்புல்லாரியா மார்கழியில் சத்தமில்லாமல் நிலமட்டத்தில் ஐந்து குட்டிப் பானை கட்டியிருந்தது. மல்லிகைச் சருகு இரண்டு ஏற்கனவே உள்ளே கிடந்தது.

ஒருநாள் மத்தியானம் கதிரை போட்டு அந்த வென்ட்ராட்டாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டெறும்பு ஒன்று விளிம்பில் ஏறி, தேன் சுரக்கிற இடத்தை நக்கி, ஒரு முழுச் சுற்று நடந்து, இறங்கிப் போனது. இன்னொன்றும் அப்படியே. இது என்ன பொறி என்று தம்பி சிரித்தான். பின்னேரம் ஆறு மணிக்கு மழை தூறி விட்டது. அதே விளிம்பு, மெல்லிய வரிகள் எல்லாம் ஈரத்தில் பளபளத்தன. அதே பாதையில் வந்த எறும்பு காலை வைத்தது, வழுக்கியது, போய்விட்டது. ஒரு சத்தமும் இல்லை. விளிம்பு காய்ந்திருக்கும்போது எறும்புக்கு நடைபாதை, நனைந்தால்தான் பொறி. விளிம்பில் சுரக்கிற தேனைத் தின்ற எறும்பு போய்க் கூட்டாளிகளைக் கூட்டி வரும், அதற்குள் பனியோ மழையோ வந்துவிடும். முப்பது வருடம் மெழுகுப் பகுதி வழுக்கும் என்று மட்டும் படிப்பித்திருக்கிறேன். விளிம்பில் ஈரம் செய்கிற வேலையை 2004 இல்தான் எழுதினார்கள், நான் கண்டது போன மார்கழியில்.

ஹமாட்டா பண்டாரவளையில் இருக்கிறது. பழைய இலைகள் எல்லாம் விழுந்து, இரண்டு புது இலை மட்டும் மிஞ்சி, மாசியில் சுண்டுவிரல் அளவில் ஒரு கெண்டி வைத்தது. பற்கள் இருக்கின்றன. தம்பி இப்போது மாதத்துக்கு ஒருமுறை அக்காவைப் பார்க்கப் போகிறான். அக்காவுக்கு ஒரே சந்தோசம், அவளுக்குக் காரணத்தை இன்னும் யாரும் சொல்லவில்லை.

இது இரண்டாவது கச்சான். நேற்றுப் போனேன். வென்ட்ராட்டாவில் ஒன்பது கெண்டி, அதில் இரண்டு மேலே இருந்து காயத் தொடங்கியிருக்கிறது, வயது போனவை. கச்சான் தொடங்கிய கிழமை விரிந்த இலையின் தந்து கறுத்துவிட்டது, அதற்கு அடுத்தது பச்சை. அம்புல்லாரியா புதுப் பானை ஒன்றும் கட்டவில்லை, பழையவற்றை வைத்துக்கொண்டு குந்திக்கொண்டிருக்கிறது. வடிநீர் 70. அம்மா யாரோ வந்த விருந்தாளிக்கு நீலப் போத்தலைத் தூக்கிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தா:

"நாங்கள் குடிக்கிறது குழாய்த் தண்ணி. இவைக்கு மழைத் தண்ணி."

முதல் பீப்பாய் வெறும். இரண்டாவதில் கோல் விட்டுப் பார்த்தேன், இரண்டு சாண் தண்ணீர் இருக்கிறது. ஐப்பசிக்கு இன்னும் மூன்று மாதம்.